மேல்வீட்டுத் தண்ணீர்

சொந்த வீட்டில் ஒரு சலவை யந்திரம் வைத்துக்கொள்ள ஒருவன் ஆசைப்படுவதில் தர்ம விசாரத்துக்கு இடம் ஏது என்று கேட்கத் தோன்றும். தனி மனையில் குடியிருப்பவனுக்கு இடம் இல்லைதான். அவன் விலை கொடுக்கிறான், யந்திரம் வந்து இறங்குகிறது, அழுக்குத் தண்ணீர் அவனுடைய நிலத்துக்கு அடியிலேயே ஓடித் தெருச் சாக்கடையில் கலந்துவிடுகிறது. ஆனால் சிகாகோவிலோ நியூயார்க்கிலோ, எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாடகைக் குடியிருப்பாகக் கட்டப்பட்டுப் பிற்காலத்தில் காண்டோவாக மாற்றி விற்கப்பட்ட ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஐந்தாம் தளத்தில் வீடு வாங்கி, நிலவறையில் இருக்கும் பொதுச் சலவை அறைக்குக் கூடை சுமந்து இறங்கி ஏறி அலுத்துப்போய், தன் அடுக்களை மூலையிலேயே வாஷிங் மெஷினும் டிரையரும் இருந்தால் என்ன என்று எண்ணத் தொடங்குகிற கிருகஸ்தன், தான் அறியாமலே, ஞானிகளும் நியாய சாஸ்திரிகளும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதித்து வந்திருக்கும் ஒரு கேள்வியின் வாசற்படியில் வந்து நிற்கிறான். எனது என்று நான் சொல்லிக்கொள்வது எந்த இடத்தில் முடிகிறது? என் வீட்டில் நான் செய்வது பிறர் வீட்டில் போய் விளையுமானால், அந்த விளைவு யாருடையது?

அவன் விலை கொடுத்து வாங்கியது இன்னதென்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். காண்டோ என்னும் உடைமை முறை அமெரிக்காவில் அவ்வளவு பழமையானதன்று. போர்ட்டோ ரிக்கோ 1958-லும் யூட்டா மாநிலம் 1960-லும் அதற்குச் சட்டம் வகுத்தன. 1961-ல் மத்திய அரசின் வீட்டுக்கடன் காப்புறுதி அதற்கும் கிடைத்த பிறகு மற்ற மாநிலங்களும் விரைந்து பின்தொடர்ந்தன. இந்தச் சட்டங்களின்படி, பொதுவாகச் சொன்னால், வாங்கியவனுக்குத் தனிப் பாத்தியதை உள்ளது சுவருக்கும் தரைக்கும் கூரைக்கும் நடுவே அடைபட்ட வெளியிலும் அதன் மேற்பூச்சிலுமே. சுவருக்குள் ஓடும் பெருங்குழாய், தளத்தைத் தாங்கும் காங்கிரீட், வெளிச்சுவர், மொட்டைமாடி ஆகிய அனைத்தும் அந்தக் கட்டடத்தில் உள்ளோர் எல்லாருக்கும் பிரிக்கப்படாத பங்காக இருப்பவை. மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும் இந்த உடைமையில், ஒரு மனிதன் பிறரைச் சாராமல் இது என்னுடையது என்று சொல்லத்தக்கது எவ்வளவு சொற்பம் என்பது மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. நம் பெரியோர் மமகாரம் என்று சொல்லி ஆராய்ந்த அந்த மனோபாவத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான வீடு கிடைப்பது அரிது.

இனி, யந்திரம் கேட்பவற்றைப் பார்ப்போம். வெந்நீரும் தண்ணீரும் வரும் இரண்டு குழாய்கள். பம்பு தள்ளுகிற அழுக்கு நீரை ஏற்றுக்கொள்ள இரண்டு அங்குல விட்டமுள்ள நிமிர்ந்த குழாய். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாதபடி நீர் தேங்கி நிற்கும் வளைவு. அந்த வளைவிலுள்ள நீர் உறிஞ்சப்பட்டுப் போகாமல் காக்கும் காற்றுக்குழாய். வழக்கமான மின்சார டிரையருக்கோ 240 வோல்ட்டில் 30 ஆம்பியர் தாங்கும் தனிக் கம்பியும், ஈரமான வெப்பக் காற்றை வெளியேற்ற நாலங்குலக் குழாயும் தேவை. அந்தக் குழாய் வெளிச்சுவரைத் துளைத்தாக வேண்டும், வெளிச்சுவரோ பொதுச் சொத்து. அதன் நீளத்துக்கும் 35 அடி என்று வீட்டுக் கட்டட விதி வரம்பு கட்டியிருக்கிறது. செங்கோணமாகத் திரும்பும் ஒவ்வொரு வளைவுக்கும் அதில் ஐந்தடி குறைத்துக்கொள்ள வேண்டும். நீளம் மிகுந்தால் துணியிலிருந்து எழும் பஞ்சு உட்புறம் படிந்து ஒருநாள் பற்றிக்கொள்ளும். 2008 முதல் 2010 வரையிலான காலத்தை ஆராய்ந்த அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம், குடியிருப்புகளில் ஆண்டுதோறும் சுமார் 2,900 தீ விபத்துகள் டிரையர்களில் தொடங்கியதாக மதிப்பிட்டது. அவற்றின் முதன்மையான காரணம், பஞ்சைத் துப்புரவு செய்யாமல் விட்டதே.

ஆயினும் தீயைக் காட்டிலும் தண்ணீர்தான் இந்த விவகாரத்தின் உயிர்நிலை. பழைய கட்டடமொன்றில் முதல் தளத்து அடுக்களையில் நின்றுகொண்டிருந்தபோது நான் கண்ட காட்சியைச் சொல்ல வேண்டும். குழாயை யாரும் திறக்கவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிதுளையில் முதலில் களகளவென்று ஓர் ஒலி எழுந்தது. பிறகு வெண்மையான நுரை மெல்லப் பொங்கி, ஓரங்களில் சாம்பல் நிறம் படர, கழுவிக் கவிழ்த்திருந்த தட்டுகளை மூடிக்கொண்டு மேலேறி, தொட்டியின் விளிம்பைக் கடந்து மேடையில் வழிந்து, அங்கே இருந்த ரொட்டிப் பொட்டலத்தை நனைத்தது. அந்த வீட்டு அம்மாள் அந்தச் சோப்பை வாங்கியதும் இல்லை, அன்று துணி துவைத்ததும் இல்லை. துண்டை எடுத்துப் போட்டு, பழகிப்போன கைகளோடு அவர் நுரையை ஒற்றியெடுத்தார். சோப்பு நுரை நீரைப்போல் ஓடிவிடுவதில்லை. பல மாடிகளின் கழிவையும் வாங்கிக் கீழே இறங்கும் செங்குத்துக் குழாய் அடியில் திரும்புகிற இடத்தில் அது திரண்டு அடைத்துக்கொள்ள, மேலிருந்து விழும் நீர் காற்றை அமுக்க, அமுங்கிய காற்று நுரையை மிக அருகிலுள்ள வாயில் வழியே, அதாவது எல்லாருக்கும் கீழே குடியிருப்பவரின் தொட்டி வழியே, வெளியேற்றுகிறது. குழாய் வேலைக்கான விதிநூல்கள் இந்தப் பகுதியைத் தனியே குறித்து, அங்கே கிளைக்குழாய் சேர்க்கலாகாது என்று தடுத்திருக்கின்றன. ஆனால் பழைய கட்டடங்கள் பல அந்த விதிகளுக்கு முற்பட்டவை. மேலே யந்திரத்தை ஓடவிட்டவர் என்ன கண்டார்? ஒன்றுமில்லை. அவருடைய யந்திரம் சொன்ன நேரத்தில் மணியடித்து நின்றது, துணி வெளுத்திருந்தது. செய்தவன் கண்ணுக்கு விளைவு தெரியாமலும், விளைவை அனுபவிப்பவனுக்குச் செய்தவன் முகம் தெரியாமலும் நடைபெறும் காரியம் இது. தர்மத்தைப் பற்றிய சிந்தனை மிகவும் அவசியமாவது இத்தகைய காரியங்களில்தான்.

யூதர்களின் தர்ம சாஸ்திரம் இந்தக் கேள்வியை நேருக்கு நேராகச் சந்தித்திருக்கிறது. கி.பி. 200 அளவில் யூதா ஹநாசி என்னும் பெரியார் தொகுத்த மிஷ்னாவில், பாபா பத்ரா என்ற பகுதி அண்டை வீட்டாரின் உறவைப் பற்றிப் பேசுகிறது. அதன் இரண்டாம் அத்தியாயம், பிறன் சுவரருகே கிணறோ வாய்க்காலோ துணி வெளுப்போரின் குழியோ தோண்டுகிறவன் மூன்று கையகலம் விலகித் தோண்டிச் சுண்ணாம்பும் பூச வேண்டும் என்று விதிக்கிறது. பிற்கால உரையாசிரியர்கள் இதிலும் ஒரு நுட்பம் கண்டார்கள்: துணி வெறுமனே ஊறிக் கிடக்கும் குழிக்குத்தான் மூன்று கையகலம், துவைக்கும்போது நீர் தெறிக்கும் இடத்துக்கோ நான்கு முழம். மேல்மாடியில் அடுப்பு வைப்பவன் அதன் அடியில் இத்தனை கனத்துக்கு மண்பூச்சு இட வேண்டும் என்று அளவு சொல்லிவிட்டு, அந்த அளவைக் காத்த பிறகும் சேதம் நேர்ந்தால் அதற்கு ஈடு தரவே வேண்டும் என்றும் அதே அத்தியாயம் கூறுகிறது. ரப்பி ஷிமோன் இதை ஒப்பவில்லை. விதித்த அளவைக் காத்தவன் பொறுப்பிலிருந்து விடுபடட்டும் என்பதற்காகவே அளவுகள் வகுக்கப்பட்டன என்பது அவர் பக்ஷம். காண்டோ உரிமையாளர் சங்கத்தின் அனுமதிக் கடிதத்தைப் பெற்று, உரிமம் உள்ள பிளம்பரைக் கொண்டு வேலை செய்வித்த இன்றைய காண்டோவாசி தன் கடமை தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இந்த இரண்டு பக்ஷங்களுக்கு அப்பால் மூன்றாவதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. மனம் முதற்பக்ஷத்தையே நாடுகிறது. அனுமதி என்பது செய்யலாம் என்ற இசைவு. நேர்ந்த சேதத்தை அது துடைத்துவிடுவதில்லை.

இதைவிட நெருங்கிய வழக்கொன்று, மிஷ்னாவின் விரிவுரையான பாபிலோனியத் தால்முதில், பாபா மெட்ஸியா என்ற பகுதியின் இறுதியில் இருக்கிறது. இருவர், ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாகக் குடியிருந்தார்கள்; இடையிலிருந்த தளப்பூச்சு பெயர்ந்துபோயிற்று; மேல்வீட்டுக்காரர் கழுவிவிட்ட தண்ணீர் கீழ்வீட்டுக்காரருக்குச் சேதம் விளைத்தது. பூச்சைச் சரிசெய்ய வேண்டியவர் யார்? மேலே இருப்பவர் என்றார் ரப்பி ஹிய்யா பார் அப்பா. கீழே இருப்பவர் என்று ஓர் எதிர்க்கட்சியும் பதிவாகியிருக்கிறது. படிப்பவர் திடுக்கிடுவார்கள், ஆனால் அந்தக் கட்சிக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. ரப்பி யோசே என்னும் அறிஞர், கிணற்றருகே மரம் நட்டவனைப் பற்றிய வழக்கில், ஒவ்வொருவனும் தன் எல்லைக்குள்ளேயே காரியம் செய்கிறான், ஆகையால் தனக்குச் சேதம் வருமென்று அஞ்சுகிறவன்தான் விலகிக்கொள்ள வேண்டும் என்று கருதினார். உடைமையின் சுதந்திரத்தை இதற்கு மேல் உறுதியாக எடுத்துரைப்பது கடினம். ஆயினும் அந்த ரப்பி யோசேயும் ஒரு விலக்கை ஒப்புக்கொண்டதாகத் தால்முத் கூறுகிறது: தன் எல்லைக்குள் நின்றபடியே அம்பெய்வதற்கு ஒருவனுக்கு உரிமையில்லை. ஊற்றிய தண்ணீர் அக்கணமே கீழே இருப்பவன் மேல் விழுந்தால் அது அம்பு. தளத்தில் ஊறி நின்று பிறகு சொட்டினால் அம்பன்று.

அந்தப் பெரியோர்களின் நுண்ணறிவை வணங்கிக்கொண்டே, இந்தக் கடைசிப் பாகுபாட்டில் மட்டும் நான் மாறுபட வேண்டியிருக்கிறது. மண்பூச்சு கண்ணுக்குத் தெரியும் பொருள்; அது ஈரமானால் மேலே இருப்பவரும் காண்பார், கீழே இருப்பவரும் காண்பார், இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ள அவகாசம் உண்டு. சுவரின் உள்ளே மறைந்த குழாயின் நிலை அவ்வாறில்லை. யந்திரத்தின் பின்புறமுள்ள ரப்பர்க் குழாய் வெடித்து வெள்ளம் பாய்ந்தால் எல்லாரும் ஓடிவருவார்கள், அன்றே அடைத்துவிடுவார்கள். இணைப்பில் துளித்துளியாகக் கசிவதோ மாதக்கணக்கில் மரச்சட்டத்தை உளுக்கவைத்து, பூஞ்சையை வளர்த்து, கீழ்வீட்டுக் குழந்தையின் அறைக்கூரையில் பழுப்பு வட்டமாக வெளிப்படும்போது, செய்தவன் வீட்டை விற்றுவிட்டு வேறூர் போயிருப்பான். ஆகவே நம் காலத்துக் கட்டடங்களில், அக்கணமே விழும் நீரைவிட ஊறி நின்று பிறகு விழும் நீருக்கே பொறுப்பு அதிகம் என்று கொள்ள வேண்டும். விரைவும் தாமதமும் சேதத்தின் தன்மையை மாற்றுவதில்லை; சேதத்தை அறியும் வாய்ப்பை மட்டுமே மாற்றுகின்றன. அந்த வாய்ப்பு எவனிடம் இருக்கிறதோ, அதாவது யந்திரத்தை நிறுவியவன் எவனோ, அவனையே கடமை சாரும்.

ஜெர்மானிய தத்துவ ஞானி கான்ட் 1785-ல் வெளியிட்ட நூலில், ஒரு செயலைச் செய்யுமுன், அதையே எல்லாரும் செய்வது உலக நியதியாகிவிட வேண்டுமென்று நீ விரும்ப முடியுமா என்று உன்னையே கேட்டுக்கொள் என்னும் பொருள்படப் போதித்தார். தத்துவ மாணவர்களுக்கு அது அருவமான சூத்திரமாகத் தோன்றும். நாற்பது வீடுகளின் கழிவைத் தாங்கும் பழைய இரும்புக் குழாயில் அது ஸ்தூல வடிவம் கொண்டு நிற்கிறது. யாருக்கும் சொல்லாமல், சக்கரம் வைத்த சிறு யந்திரமொன்றை மின்தூக்கியில் ஏற்றிக் கொண்டுவந்து, அடுக்களைக் குழாயில் மாட்டித் துவைத்துக்கொள்கிறவனுக்குக் காரியம் ஒழுங்காகவே நடக்கிறது. எப்படி நடக்கிறது? மற்ற முப்பத்தொன்பது வீட்டாரும் அவ்வாறு செய்யாமல் இருப்பதால் நடக்கிறது. பிறருடைய நிதானத்தைத் தன் வசதிக்கு முதலாக்கிக்கொண்டு, அந்த நிதானம் தனக்கு வேண்டாம் என்று இருப்பது களவின் பாற்படும் என்றே நான் கருதுகிறேன், அதில் ஒரு காசுகூடக் கைமாறாவிட்டாலும்.

இவ்வளவும் சொன்னதால் மேல்வீட்டுக்காரனின் ஆசை கெட்டது என்று ஆகிவிடாது. இரண்டு மாதக் குழந்தையை வைத்திருப்பவள், உறங்கும் குழந்தையைத் தனியே விட்டுவிட்டு நிலவறைக்கு எப்படி இறங்குவாள்? முழங்கால் மடங்காத முதியவர் கூடையைத் தூக்கிக்கொண்டு எத்தனை முறை நடப்பார்? 1988-ல் திருத்தப்பட்ட அமெரிக்க நியாய வீட்டுவசதிச் சட்டம், உடற்குறையுள்ளோர் தம் செலவில் வீட்டில் செய்துகொள்ள வேண்டிய நியாயமான மாற்றங்களைத் தடுக்கலாகாது என்று கூறுவதும் இந்த அறத்தின் ஒரு பகுதியே. ஓசையைப் பற்றிய ஆட்சேபத்துக்கும் எல்லை உண்டு. வீட்டிலிருந்தபடி தொழில் செய்கிறவனின் சுத்தியல் ஒலியையும், மாவரைக்கும் ஒலியையும், குழந்தைகளின் சத்தத்தையும் காட்டி உறக்கம் கெடுகிறதென்று அண்டை வீட்டான் தடுக்க முடியாதென்று முற்கூறிய மிஷ்னாவே சொல்கிறது. பகற்பொழுதில் சிறிது நேரம் கூரையில் கேட்கும் சுழற்சியைப் பொறுத்துக்கொள்வது கீழ்வீட்டானின் கடமை.

மறுப்பவர்களுக்கும் கடமை இருக்கிறது. தனி யந்திரம் கூடாதென்று தீர்மானம் போட்டுவிட்டு, பொதுச் சலவை அறையில் பாதி யந்திரங்கள் பழுதாகிக் கிடக்கவும், விளக்கு எரியாமல் இருக்கவும் விட்டுவைக்கிற நிர்வாகக் குழு, பொது நன்மை என்ற பெயரைச் சொல்லும் அருகதையை இழந்துவிடுகிறது. பொதுவில் துவைப்பதை எல்லாரும் ஏழ்மையின் அடையாளமாகக் கருதியதில்லை. காதரீன் பீச்சரும் அவருடைய தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவும் 1869-ல் எழுதிய இல்லற நூலில், அண்டை வீடுகள் பல கூடிப் பொதுச் சலவைச் சாலை வைத்துக்கொள்வதே அமெரிக்க இல்லத்தரசியின் பெரும் பாரத்தை இறக்கும் வழி என்று வாதிட்டார்கள். தனித்தனி யந்திரம் வந்தபின் பாரம் இறங்கிற்றா? ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்னும் சரித்திர ஆசிரியை 1983-ல் இதை ஆராய்ந்து, உடலுழைப்பு குறைந்தது உண்மையாயினும், வெளியே சலவைக்குப் போய்க்கொண்டிருந்த வேலை வீட்டுக்கே திரும்பி வந்ததென்றும், சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்து துவைப்பது பெருகியதென்றும், பெண்ணின் நேரம் மிஞ்சவில்லை என்றும் காட்டினார். ஆசை நியாயமானதாக இருக்கலாம். அது தரும் என்று நம்புகிற ஓய்வு கிடைக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

பொதுவானதைப் பேணாமல் விடுவதன் முடிவு எவ்வளவு கொடியதாகலாம் என்பதற்கு ஃபிளாரிடா மாநிலத்தின் சர்ஃப்சைடு சாட்சி. 1981-ல் கட்டப்பட்ட சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் என்ற பன்னிரண்டு மாடிக் காண்டோவில், நீச்சல் குளத்தை ஒட்டிய தளத்தின் நீர்த்தடுப்பு பழுதுபட்டு, நீர் வடியச் சரிவு இல்லாமையால் கீழேயுள்ள காங்கிரீட் பெரிதும் சிதைந்திருக்கிறதென்று 2018-லேயே ஒரு பொறியாளர் அறிக்கை எழுதினார். பழுதுபார்க்க ஒன்றரைக் கோடி டாலர் வரை ஆகும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. செலவைப் பற்றி உரிமையாளர்களிடையே வாதங்கள் நீண்டன. 2021 ஜூன் 24-ஆம் தேதி பின்னிரவில் கட்டடத்தின் ஒரு பெரிய பகுதி சரிந்து 98 பேர் மாண்டார்கள். வீடு ஒருவனுக்கும் மேல்மாடி மற்றொருவனுக்குமாக இருந்து இரண்டும் இடிந்து விழுந்தால் மரத்தையும் கல்லையும் மண்ணையும் எவ்வாறு பங்கிடுவது என்று பாபா மெட்ஸியாவின் கடைசி அத்தியாயம் தொடங்குவதை நான் முன்னர் ஒரு சட்ட நுணுக்கமாகவே படித்துச் சென்றிருந்தேன். சர்ஃப்சைடுக்குப் பிறகு அவ்வாறு படிக்க இயலவில்லை.

ஆகையால் என் தீர்ப்பு இது. செங்குத்துக் குழாயும் மின்னிணைப்பும் தாங்கும் என்று தகுந்தவரைக் கொண்டு சோதித்து, சங்கத்தின் எழுத்துமூலமான சம்மதத்தைப் பெற்று, வெளிச்சுவரைத் துளைக்க வேண்டாத ஹீட் பம்ப் டிரையரைத் தேர்ந்து, யந்திரத்தின் அடியில் தட்டும், கசிவை உணர்ந்து தானே நீரை நிறுத்தும் வால்வும், எஃகுப் பின்னலிட்ட குழாய்களும் பொருத்தி, நுரை குறைந்த சோப்பையே உபயோகித்து, பகலில் மட்டும் துவைப்பவன் தன் உரிமையைத் தர்மத்தோடு அனுபவிக்கிறான். குழாய் தாங்காது என்று தெரிந்தால் அந்த யந்திரத்தை அவன் கைவிட வேண்டும். விதி இடம் தருகிறதா என்று மேலும் துருவலாகாது. பூச்சைச் சரிசெய்ய வேண்டியவர் மேலே இருப்பவர்தாம் என்று ரப்பி ஹிய்யா பார் அப்பா சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஐந்தாம் மாடியில் யந்திரம் வைக்க எண்ணியிருக்கும் அன்பர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு: பிளம்பரை அழைக்குமுன் நான்காம் மாடிக் கதவைத் தட்டி, செய்யப்போவதைச் சொல்லி, தொலைபேசி எண்ணைக் கொடுத்து, கசிந்தால் செலவு என்னுடையது என்று கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.